நாலாம் மாதச் சூரியன்

"பெட்ரோமாக்ஸைக் காட்டினாப் போதும்னு—"

"போதும்னு யாரு சொன்னா அம்புஜா, வேற வழி இல்லைன்னுதான்—"

"மூத்தவளுக்கும் அதைத்தானே காட்டச் சொன்னேள் மாமா? லீலாவுக்கு நாலு வயசாச்சு. சூரியனுக்கு மண்ணெண்ணெய் ஊத்தியாச்சான்னு கேக்கறா."

சுரங்கத்துக்குள் யாரோ சிரித்தார்கள். நரசிம்மமூர்த்தி திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

சுதந்திரம் வந்த மறுவருஷம் மைசூர்மேல் நச்சுச் சாம்பல் பெய்தபோது, தெருவையே சாமுண்டி மலையடிச் சுரங்கத்துக்குள் இழுத்துவந்து இரும்புக் கதவைச் சாத்தியவர் அவர். அன்றைக்கு அவர் செய்தது சரி. ஐந்து வருஷமாக அதே சரியைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்புஜவல்லியின் கைக்குழந்தைக்கு இது நாலாம் மாதம். வெளியே எடுத்துப்போய்ச் சூரியனைக் காட்ட வேண்டிய மாதம்.

"மேலே காத்தெல்லாம் விஷம்மா."

"எறும்புக்கு மட்டும் இல்லையா? கதவடியில வரிசையா வந்துதே, பச்சைப் புல்விதையைத் தூக்கிண்டு."

"அந்த இடுக்கைத்தான் காலம்பற சுண்ணாம்பு வெச்சு அடைச்சாச்சே."

"அதுவரைக்கும் அது வழியா வந்த காத்தை யாரு மூச்சு விட்டா? நாமதானே? யாரு செத்தா?"

"சும்னிரு அம்புஜா, வாயை மூடு. எறும்பை நம்பி இத்தனை பேரைப் பலி கொடுக்கச் சொல்றயா?"

"இத்தனை பேர் வேண்டாம். நான் போறேன். விழுந்தா கதவைச் சாத்திக்கோங்கோ. நின்னா குழந்தையைக் கொடுங்கோ."

"டேய் செலுவா, உன் ஆம்படையாளைக் கூட்டிண்டு போ."

கரி வடிகட்டி வழியாகக் காற்றை உள்ளிழுக்கும் துருத்தியை மிதித்துக்கொண்டிருந்த செலுவநாராயணன் காலை நிறுத்தவில்லை. "நான் சொல்லி எதைக் கேட்டா மாமா? அதோட, எனக்கும் தெரிஞ்சாகணும்."

நரசிம்மமூர்த்தி கதவுச் சக்கரத்தின்முன் போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். "என்னைத் தாண்டிப் போ, பார்க்கலாம்."

"தாண்டலை. இவனைக் கொஞ்சம் பிடிங்கோ. தலையைத் தாங்கிக்கோங்கோ, இன்னும் சரியா நிக்கலை."

நீட்டிய குழந்தையை வாங்காமல் எப்படி இருப்பது? வாங்கினார். விரித்த கைகள் இரண்டும் குழந்தைக்கடியில் போயின. அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போய்ச் சக்கரத்தைப் பிடித்தாள்.

"அம்புஜா, வேண்டாம். நான் சொல்றேன், வேண்டாம்."

சக்கரம் முனகிக்கொண்டு சுழன்றது. காய்ந்த சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. திறந்த கதவு வழியாக விழுந்த வெளிச்சத்தில் எல்லாரும் முகத்தை மூடிக்கொண்டு பின்வாங்கினார்கள். நரசிம்மமூர்த்திக்கு மட்டும் மூடிக்கொள்ளக் கை இல்லை. குழந்தை கண்ணைச் சுருக்கித் தும்மிற்று.

வெளியிலிருந்து அவள் குரல் வந்தது.

"நின்னுண்டுதான் இருக்கேன் மாமா. அவன் உங்க கையிலதானே இருக்கான், நீங்களே கொண்டு வாங்கோ."