டிங்குவுக்குப் போட்ட தாளிப்பு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. என் தலையில் கட்டப்பட்டது. அயனம்பாக்கம் ஏரிக்கரையில் தினமும் நாயோடு நடக்கும் பவ்யா, ஒருநாள் தனியாக வந்தாள். ஏன் என்று கேட்காமல் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கேட்டேன். நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, "நீங்க கதை எழுதறவர்தானே சார். இத எழுதி, எது காரணம்னு நீங்களே முடிவு பண்ணிடுங்க" என்றாள்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: 'முட்டையைக்கூடத் தொடாத குடும்பத்தில் பிறந்த பவ்யா, அன்று குக்கரில் கோழி ஈரலை'

வேண்டாம், விட்டுவிட்டேன். ஏதோ புரட்சி செய்யக் கிளம்பியவள் மாதிரி இருக்கிறது. அவள் கிளம்பியது ஒரு கிழட்டு நாய்க்காக. டிங்கு, கணவன் பரத் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வளர்த்த நாட்டு நாய். பரத் கம்பெனி வேலையாக ஜெர்மனிக்குப் போனதும் அது பாக்கெட் தீனியை முகர்ந்து பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. ரத்தம் குறைவு, வயதும் ஆகிவிட்டது என்றார் டாக்டர். கோழி ஈரலை வேகவைத்து, சோறும் பூசணியும் மசித்து, உப்பில்லாமல் கொடுக்கச் சொன்னார்.

(வெங்காயத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நாய்க்கு யார் வெங்காயம் போடப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்.)

3

கோழிக்கடையில் அவள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, நாய்க்குத்தான் என்று யாரும் கேட்காமலே சொன்னாள். கடைக்காரர் நஜீர் கத்தியை நிறுத்தினார்.

"இங்க வர்றவங்க பாதிப் பேரு நாய்க்குனு சொல்லித்தான் வாங்கினு போறாங்க. உங்க ஊட்ல மெய்யாலுமே நாய் கீதா?"

அவள் செல்போனில் படத்தைக் காட்டினாள். அவர் ஈரலோடு இரண்டு இதயத்தையும் சேர்த்துப் போட்டார்.

4

குக்கரைத் திறந்ததும் அவளுக்குக் குமட்டியது. இந்த வாடையை வைத்துக்கொண்டு ஒரு ஜீவன் எப்படிச் சாப்பிடும் என்று பாவமாக இருந்தது. அவள் சமையலறையில் எது சொதப்பினாலும் ஒரே வைத்தியம், தாளிப்பு. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் பொடியாக நறுக்கி எண்ணெயில் பொன்னிறமாக வதக்கிக் கொட்டினாள். மிச்சத்தைக் கோதுமை மாவில் பிசைந்து தோசைக்கல்லில் பிஸ்கட்டாகவும் சுட்டாள்.

டிங்கு எழுந்து வந்தது. தட்டைச் சுவர்வரை தள்ளிக்கொண்டே போய் நக்கித் தீர்த்தது. பவ்யா தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்த நாயை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது. வீடியோ எடுத்து அனுப்பினாள். தன் நாய்க்காக மனைவி கறி சமைத்ததை பரத் ஆபீஸ் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டான். அந்த வாரம் முழுக்க அதே சமையல்.

5

பிறகு டிங்குவின் ஈறு வெளுத்தது, சிறுநீர் காப்பி நிறத்தில் போனது. ஆஸ்பத்திரியில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டபோது, அவள் செய்முறையை ஆசையாகவே ஒப்பித்தாள். வெங்காயம், பூண்டு என்றதும் டாக்டர் நிமிர்ந்தார்.

(நாய் வளர்ப்பவர்கள் கவனிக்கவும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தை அழிக்கும். இது கதைக்காகச் சொல்வது அல்ல.)

டிங்கு பிழைக்கவில்லை. ஏற்கெனவே உடம்பு கெட்டிருந்தது, இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வயசாயிடுச்சு என்று மட்டும் பவ்யா பரத்திடம் சொன்னாள். அவன் போனில் அவளைத்தான் தேற்றினான்.

6

கதை என் கையில் இருக்கிறது, வெங்காயத்தை எடுத்துவிட எவ்வளவு நேரம் ஆகும்? எடுத்தேன். அந்தப் பிரதியில் டாக்டர் முன்கூட்டியே எச்சரிக்கிறார், டிங்கு வெறும் ஈரலைத் தின்று தேறுகிறது. ஏரிக்கரையில் உட்கார்ந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"தாளிக்காம வெச்சிருந்தா அது தொட்டிருக்காது சார்" என்றாள். "பட்டினியாவே போயிருக்கும்."

அப்படியானால் அப்படியே இருக்கட்டுமா என்றேன். அதற்கும் தலையை ஆட்டி மறுத்தாள். பரத் வருகிறானாம். அதற்குள் தீர்ப்பு வேண்டுமாம்.

எனக்கும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதினால், அவள் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு புருஷன் முன்னால் போய் நிற்பாள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

7

ஆகவே இதுவரைதான் எழுதியிருக்கிறேன்:

பரத் வந்துவிட்டான். பெட்டியைக் கூடத்திலேயே விட்டுவிட்டுச் சமையலறைக்கு வருகிறான். அவன் குரலில் சந்தேகம் துளியும் இல்லை, ஆசையாகத்தான் கேட்கிறான்.

"அப்படி என்னதான் போட்டு செஞ்ச, பவ்யா? டிங்கு அந்தச் சாப்பாடு சாப்பிட்டுச்சே."

பவ்யா அவனைப் பார்த்து

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. நீங்களும் யாருக்காவது ஆசையாகச் சமைத்துப் போட்டவர்தானே, அவள் இடத்தில் நின்று முடியுங்கள். அவன் பதிலுக்காகக் காத்திருக்கிறான்.