பஞ்சுக்கு வைத்த சோறு

வில்லிபுத்தூர் டாக்டரம்மா வியாழக்கிழமைகளில் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பதில்லை. அன்றைக்குப் பூராவும் பிள்ளை இல்லாதவர்களுக்கு மட்டும்தான். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் நடுவே இவர்கள் உட்கார்ந்து வெதும்ப வேண்டாம் என்று அந்த அம்மா செய்த ஏற்பாடு அது. ராஜபாளையத்திலிருந்து சண்முகத்தாய் விடிந்ததும் பஸ் பிடித்து வந்து பெஞ்சில் இடம் போட்டுவிடுவாள். அவள் புருஷன் காமராஜ் மில்லில் ஃபிட்டர். கல்யாணமாகி எட்டு வருஷம் ஓடியிருந்தது.

அந்தப் பெஞ்சில்தான் அவளுக்கு முத்துப்பேச்சி பழக்கமானாள். வில்லிபுத்தூர்க்காரி, அங்கே வருகிற எல்லோருக்கும் மூத்தவள். எந்த மாத்திரைக்கு வயிறு உப்பும், ஸ்கேனுக்கு முன்னால் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும், எந்த நர்ஸ் வலிக்காமல் ஊசி போடுவாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கருக்குழாயில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்த அன்று சண்முகத்தாய் வலி பொறுக்காமல் கத்தினாள். வெளியே நின்ற முத்துப்பேச்சி நர்ஸை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கத்து தாயி, நல்லாக் கத்து. இங்க யாரு இருக்கா கேக்க?" என்றாள். அன்றிலிருந்து அவள் பேச்சியக்கா.

மூன்றாவதாக வந்து சேர்ந்தவள் செட்டியார்பட்டி பரிபூரணம். சின்னப் பெண். புருஷன் ராணுவத்தில் இருந்தான். அவன் லீவுக்கு வருகிற மாதங்களை வைத்துத்தான் அவளுக்கு வைத்தியம் நடந்தது.

மாமியாரைப் பற்றிப் பேசினால் மூவருக்கும் அழுகை வந்தது. புருஷனைப் பற்றிப் பேசினால் கோபம் வந்தது. அதனால் அவரவர் வளர்க்கிற வாயில்லாச் சீவன்களைப் பற்றிப் பேசினார்கள். முத்துப்பேச்சி ராக்கு என்று ஒரு பூனை வைத்திருந்தாள். இரண்டு வேளையும் அவள் கையால் பால் ஊற்றினால்தான் குடிக்கும். பரிபூரணத்திடம் ஓர் ஆட்டுக்கிடாய். தாவீது என்று பேர் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்து, பூசை முடிகிற வரை படியில் படுத்துக் கிடக்குமாம். சண்முகத்தாயிடம் இருந்தது பஞ்சு. சுத்த வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ், அசல் ராஜபாளையம் சாதி நாய். ஆனால் பிறவிச் செவிடு. சுப்புராஜ் தோட்டத்தில் மோட்டார் ரிப்பேர் பார்க்கப் போன காமராஜ், "செவிட்டுக் குட்டி எதுக்கு, கெணத்துல போடு" என்று யாரோ சொன்னதைக் கேட்டு மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். சண்முகத்தாய் தரையைக் காலால் ஒரு தட்டுத் தட்டுவாள். அந்த அதிர்வு பட்டதும் பஞ்சு எழுந்து ஓடிவரும்.

"நம்ம மூணு பேருக்கும் பிள்ளை பிறக்காம நான் இந்தப் பெஞ்ச விட்டு எந்திரிக்க மாட்டேன்" என்று முத்துப்பேச்சி சொல்வாள். அதை அவள் சிரிக்காமல் சொல்வாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் தை பிறந்த பிறகு ஒரு வியாழக்கிழமை முத்துப்பேச்சி இரண்டு கைகளிலும் நீளநீளமாகக் கீறலோடு வந்தாள். மஞ்சள் அப்பியிருந்தாள்.

"என்னக்கா இது?"

"வேலி முள்ளு கிழிச்சிருச்சு. ராக்குவக் காணோம்ட்டி. தேடிப் போனேன்."

பரிபூரணம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். முத்துப்பேச்சி அழவில்லை. பரிபூரணத்தின் முதுகைத் தடவிக் கொடுத்தபடி, "ஒன் கிடாய் எப்படி இருக்கு? பாக்கணும் போல இருக்கு. வாரேன் ஒருநா" என்றாள்.

சொன்னபடி செட்டியார்பட்டிக்குப் போனாள். அவள் போய்விட்டு வந்த மறுநாள் தாவீது வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. எங்கேயோ அரளியைத் தின்றிருக்கிறது என்றார்கள். ஆடு மேயப் போகிற இடத்தில் அரளி இல்லாமலா இருக்கும், யாரும் மேற்கொண்டு யோசிக்கவில்லை. சண்முகத்தாயும் யோசிக்கவில்லை. ஆனால் அதைக் கேள்விப்பட்ட வியாழக்கிழமை பஸ்ஸில் திரும்பும்போது காரணமில்லாமல் அந்தக் கீறல்கள் அவள் கண்ணுக்குள் வந்து வந்து போயின. முள் கிழித்தால் ஒரு பக்கமாகக் கிழிக்கும். நாலு கோடு சேர்ந்தாற்போல எப்படிக் கிழிக்கும்?

இரண்டு மாதம் கழித்துப் பரிபூரணத்துக்கு நாள் தள்ளிப்போனது. டாக்டரம்மா பார்த்துவிட்டு உறுதியாகச் சொன்னார். பரிபூரணம் வெளியே வந்து இருவர் காலிலும் விழப்போனாள். முத்துப்பேச்சி அவளைத் தூக்கி நிறுத்திவிட்டுச் சண்முகத்தாயைத் திரும்பிப் பார்த்தாள். கணக்குச் சரியாக வந்துவிட்டது என்பதுபோல ஒரு பார்வை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முத்துப்பேச்சி ராஜபாளையத்துக்கு வந்தாள். பால்கோவா வாங்கி வந்திருந்தாள். காமராஜ் பகல் ஷிப்டுக்குப் போயிருந்தான். பின்பக்கம் வேப்பமரத்தடியில் பஞ்சு தூங்கிக்கொண்டிருந்தது. முத்துப்பேச்சி அதன் பக்கத்தில் போய்க் குந்தினாள். கை தட்டினாள். சொடக்குப் போட்டாள். பஞ்சு அசையவில்லை.

"நெசமாவே ஒண்ணும் கேக்காது போலிருக்கே."

"ஆமக்கா."

"ஏட்டி தாயி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்றேன். பயப்படாமக் கேளு." முத்துப்பேச்சி நாயின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மகாராஜபுரத்துல ஒரு குறிகாரியப் பாத்தேன். நான் வாயத் தொறக்கல. அவளாச் சொன்னா. மூணு பேரும் மடியில வாயில்லாச் சீவன ஒக்கார வச்சிருக்கீக, இடத்தக் காலி பண்ணாம பிள்ளை எங்க வந்து ஒக்காரும்னு கேட்டா. நான் ஒன்னையும் பரிபூரணத்தையும் பத்தி அவகிட்டச் சொல்லவே இல்ல. அவளுக்கு எப்படித் தெரியும்?"

சண்முகத்தாய் பஞ்சுவின் பக்கம் நகர்ந்து நின்றாள்.

"ராக்குவச் சாக்குல கட்டிக் கெணத்துல போட்டேன். கட்டுறதுக்குள்ள என் கையப் பிறாண்டி எடுத்துருச்சு. பொறவு அந்தக் கிடாய். அது ஒண்ணும் செய்யல பாவம், குடுத்தத வாங்கித் தின்னுச்சு. இன்னைக்குப் பரிபூரணம் வயித்துல புள்ள இருக்கு."

"மாத்திரை சாப்பிட்டா, ஊசி போட்டா. அதனால வந்ததுக்கா."

"நானும்தான் பத்து வருசமாச் சாப்பிடுதேன்."

முத்துப்பேச்சி கையை நீட்டிப் பஞ்சுவின் காதைத் தடவினாள்.

"ராக்கு போயும் எனக்கு வரல. என் கர்ப்பப்பை அம்புட்டுத்தான் போல. ஒனக்காவது வரட்டும்ட்டி. நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். நீ பாக்கக்கூட வேண்டாம். ஒரு நா வீட்டுல இல்லாம இருந்தாப் போதும்."

கையை ஓங்கி அடித்து, வெளியே போ என்று சொல்லியிருக்க வேண்டும். பிறகு எத்தனையோ முறை சண்முகத்தாய் அப்படிச் சொல்லுவதாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அவள் செய்தது வேறு. அடுப்படிக்குப் போய் இரண்டு டம்ளரில் காபி ஊற்றிக்கொண்டு வந்தாள். "வியாழக்கிழமை ஸ்கேன் இருக்கு. வந்துருவீகள்ல?" என்று கேட்டாள். வேறு எதையும் பேசத் தெரியாமல்தான் கேட்டாள். முத்துப்பேச்சி அவளை ஆழமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காபியைக் குடித்தாள். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ சொல்லவில்லை.

வியாழக்கிழமை வந்தது. மலைப்பக்கம் கருக்கலாக மேகம் இறங்கியிருந்தது. வெளியூர் போகிற நாட்களில் பஞ்சுவை வீட்டுக்குள் விட்டுப் பூட்டிவிட்டுத்தான் சண்முகத்தாய் போவாள். அன்றைக்கு, வெயில்தான் இல்லையே, வெளியிலேயே கிடக்கட்டும் என்று வேப்பமரத்தில் கட்டினாள். கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டோமா என்று தெருமுனையில் ஒரு நிமிஷம் நின்றாள். திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் திரையைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

"முட்டை நல்லா வளர்ந்திருக்கும்மா. இத்தன வருசத்துல இப்படி வந்ததில்ல. முட்டை வெடிக்கிறதுக்கு ஊசி இன்னைக்கே போட்டாகணும். நர்ஸ் கூப்பிடுவாங்க, வெளிய உக்காரு. இந்த மாசத்த விட்றாத."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. காய்ச்சலிலும் மழையிலும், மாமனார் செத்த பதினாறாம் நாள் காரியத்தன்றும்கூட வந்து உட்கார்ந்தவள் முத்துப்பேச்சி. "பேச்சியக்கா வரலியா?" என்று யாரோ கேட்டார்கள். சண்முகத்தாய் தலையை மட்டும் ஆட்டினாள். வரமாட்டாள் என்று பஸ்ஸை விட்டு இறங்கியபோதே அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் தண்ணீர் குடித்தாள், தெரிந்துதான் ஸ்கேன் மேசையில் ஏறிப் படுத்தாள். இப்போது அவள் வயிற்றுக்குள் ஒன்று பழுத்துக் காத்திருந்தது. வீட்டில் இன்னொன்று மரத்தடியில், யார் வருகிறார்கள் என்றுகூடக் கேட்காமல் தூங்கிக்கொண்டிருந்தது.

"சண்முகத்தாய்!" நர்ஸ் ஊசியோடு வாசலில் நின்றாள்.

எழுந்தாள். உள்ளே போகத்தான் எழுந்தாள். கால் வாசல் பக்கம் திரும்பிவிட்டது. நர்ஸ் கூப்பிடக் கூப்பிடத் தெருவில் இறங்கி ஓடினாள்.

பஸ் எல்லா நிறுத்தத்திலும் நின்றது. ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். கூட்ஸ் வண்டி ஊர்ந்து போனது.

வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். கொல்லைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. மரத்தடியில் வாழை இலையில் தயிர்ச்சோறு, பாதி தின்று மீதி கிடந்தது. பஞ்சு நின்றுகொண்டிருந்தது. பின்னங்கால்கள் நடுங்கின. வாயிலிருந்து கோழை நூலாக இறங்கியது. பக்கத்தில் முத்துப்பேச்சி குந்தியிருந்தாள்.

நிமிர்ந்து பார்த்தவள் முதலில் கேட்டது, "ஊசி போட்டாச்சா?" என்றுதான்.

"போடல."

"போடலியா?" முத்துப்பேச்சி தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப் பாவி! போடாம ஏன்ட்டி வந்த? ஓடு, இப்பவே திரும்பி ஓடு! நான் பாத்துக்கிடுதேன்." அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. பூனைக்கு வராத அழுகை அந்த ஊசிக்கு வந்தது.

சண்முகத்தாய் உள்ளே ஓடி உப்பை அள்ளிச் சொம்புத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு வந்தாள். பஞ்சு சரிந்து விழுந்திருந்தது. ஒற்றை ஆளாக வாயைத் திறக்க முடியவில்லை.

"பிடி, அக்கா."

முத்துப்பேச்சி அசையவில்லை.

"வாயப் பிடிக்கான்னு சொல்லுதேன்ல! பிடி!"

என்ன நினைத்தாளோ, முத்துப்பேச்சி மண்டியிட்டு நாயின் தாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். சண்முகத்தாய் ஊற்றினாள். பஞ்சு வெட்டி இழுத்தபோது பல் முத்துப்பேச்சியின் மணிக்கட்டில் இறங்கியது. அவள் கையை எடுக்கவில்லை. ரத்தமும் உப்புத்தண்ணீரும் சேர்ந்து அவள் முழங்கை வழியாக ஒழுகின. மூன்றாவது சொம்பில் பஞ்சு வாந்தி எடுத்தது. சோறு, கோழை, எல்லாம் வந்தது. இருவரும் அதைச் சாக்கில் கிடத்தி, ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்கள்.

பஞ்சு பிழைத்துக்கொண்டது. "எதையோ தின்னுருச்சு" என்று காமராஜிடம் சொன்னாள். ஊசி போடாததற்குக் காரணம் கேட்டபோது நர்ஸ் வரவில்லை என்றாள்.

அந்த மாதம் போனது. அடுத்தடுத்த மாதங்களில் டாக்டரம்மா திரையைப் பார்த்தார், சிரிக்கவில்லை. மாத்திரையின் அளவைக் கூட்டினார். அப்படி ஒரு வளர்ச்சி அதற்குப் பிறகு வரவே இல்லை. பெஞ்சில் முத்துப்பேச்சி மணிக்கட்டுத் தழும்போடு வந்து உட்கார்ந்தாள். சண்முகத்தாய் வேறு மூலையில் போய் உட்கார்ந்தாள். ஸ்கேன் முடிந்து வெளியே வரும்போதெல்லாம் முத்துப்பேச்சி அவள் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. அதைத்தான் சண்முகத்தாயால் தாங்க முடியவில்லை.

பரிபூரணத்துக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு இரண்டு அக்காமாரும் கட்டாயம் வரவேண்டும் என்று அவளே வீடுவீடாக வந்து அழைத்தாள். போனார்கள். "என் கிடாய் ஞாபகமா இவனுக்கும் தாவீதுன்னே வச்சிட்டோம்க்கா" என்று பரிபூரணம் வெள்ளந்தியாகச் சிரித்தாள். முத்துப்பேச்சி பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்து உச்சி முகர்ந்தாள். அப்படியே நெடுநேரம் கொடுக்காமல் வைத்திருந்தாள். பரிபூரணத்தின் காதில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று சண்முகத்தாய் இரண்டு முறை பக்கத்தில் போனாள். பிறகு, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லாமலே பந்திக்குப் போய் உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் ஒருநாள் மத்தியானம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, மில் சுவரை ஒட்டி நடந்து, வீட்டுக்கு வந்து சாவியை எடுக்கப் போனாள். வலது கை மூடியிருந்தது. விரித்துப் பார்த்தாள். பச்சையாக இரண்டு அரளிக்காய்கள். எந்த வேலியில் பறித்தாள், எப்போது பறித்தாள், ஞாபகமே இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் பஞ்சு அவள் கால்பட்ட அதிர்வுக்கு எழுந்து வந்து நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தது.

காய்களைச் சாக்கடையில் எறிந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், திரும்பவும் கழுவினாள். சாயங்காலம் காமராஜ் வந்ததும், "பஞ்சுவக் கொண்டுபோய் சுப்புராஜ் தோட்டத்துலயே விட்டுட்டு வாங்க" என்றாள்.

"ஏன்? இத்தன வருசம் வளத்துட்டு..."

"அங்க வாட்ச்மேன் சம்சாரம் நல்லவ. பாத்துக்கிடுவா. இங்க இருந்தா அதுக்கு நல்லதில்ல."

"அந்த வில்லிபுத்தூர்க்காரிக்குப் பயந்துட்டா சொல்லுத?"

அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று அவள் கேட்கவில்லை. பஞ்சுவின் கழுத்தில் கயிற்றைக் கட்டி, முனையை அவன் கையில் கொடுத்தாள்.

"இல்லங்க," என்றாள். "இருட்டுறதுக்குள்ள போயிட்டு வந்துருங்க."