இரண்டாவது ஆள்

சுஜின் மூன்றாவது தடவையும் கணக்குப் போட்டுப் பார்த்தான். நாற்பத்து மூன்று சதவீதம்தான் வந்தது. கால்குலேட்டரைக் கட்டிலில் எறிந்துவிட்டு எழுந்தான், வாசல் வரை போனான், குளச்சல் கடலை முறைத்தான், திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தான். வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் எம்.பில். அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போய்விடும். படித்த கல்லூரியிலேயே காலியாக இருக்கிற ஒரே ஆசிரியர் வேலையும் வேறு எவன் கைக்காவது போய்விடும். இன்று புதன்.

ஆய்வு என்னவோ நல்ல ஆய்வுதான். அமெரிக்க டி.வி. தொடர்களில் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள்? மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கிடைத்த டிவிடிகளிலிருந்து அறுபது காட்சிகள், காட்சிக்கு ஒரு பெண். ஒவ்வொருத்தியும் வேலை செய்கிறவளா, வேலை இல்லாதவளா என்று படிவத்தில் டிக் போட வேண்டும். அவன் கணக்கில் முப்பத்தேழு பேருக்கு வேலை இல்லை. அமெரிக்காக்காரன் பெண்ணைச் சும்மா இருக்கிறவளாகவே காட்டுகிறான் என்று எழுதிக் கிழித்துவிடலாம் என ஆறு மாதமாகத் துள்ளிக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவனுடைய வழிகாட்டி ஞானதாசன் சார் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"நீ ஒருத்தன் பாத்துச் சொன்னா அது வெறும் அபிப்பிராயம் டே. இன்னொரு ஆளும் தனியா பாக்கணும். எண்பது சதவீதமாவது ஒத்துப்போகணும். இல்லேன்னா நான் கையெழுத்து போட மாட்டேன்."

இன்னொரு ஆளுக்கு எங்கே போவது? கூடப் படித்தவர்கள் அவரவர் ஆய்வில் மூச்சு முட்டிக் கிடந்தார்கள். கடைசியில் அக்கா அபினாவைப் பிடித்தான். அம்மா இறந்த வருஷம் பிளஸ் டூவோடு நின்றவள். இங்கிலீஷ் அவ்வளவாக ஓடாது. கண்ணால் பார்ப்பதுதானே, அது போதும் என்று நினைத்தான் அந்த மேதாவி. படிவத்தைத் தமிழில் எழுதி ஒரு பென்சிலும் கொடுத்தான். அவள் கருவாடு காயப்போட்டு, தண்ணீர் பிடித்து, அப்பாவுக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, கரண்ட் இருக்கிற நேரமாகப் பார்த்து நான்கு நாள் உட்கார்ந்து பார்த்தாள். புரியாத பேச்சு எதற்கு என்று சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டாள். அறுபதில் ஐம்பத்தேழு பேருக்கு வேலை உண்டு என்று டிக் போட்டு வைத்திருந்தாள். இரண்டு பேர் டிக்கும் ஒத்துப்போனதுதான் அந்த நாற்பத்து மூன்று சதவீதம்.

சுஜினுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. படிவங்களை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனான். அபினா சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எக்கா, இந்தப் பத்தொம்பதாம் நம்பருக்கு என்ன வேல? சும்மா சோபா பக்கத்துல நிக்கா. இவளுக்கும் வேல உண்டுன்னு போட்டிருக்க."

"அவளா? புருசன்காரன் கேக்கு சுட்டு கரிச்சு, எல்லாத்தயும் கொட்டி, கூத்தடிக்கான்லா. அவன் போன பொறவு பாத்தியா நீ? அவதான் ஓரத்துல குனிஞ்சு தரையத் தொடைக்கா."

அந்தக் காட்சியைச் சுஜின் பத்துத் தடவையாவது பார்த்திருப்பான். கணவன் வழுக்கி விழுந்ததும் டி.வி.க்குள் ஒரு கூட்டமே சிரிக்கும், இவனும் சேர்ந்து சிரிப்பான். சிரிப்பு முடிந்ததும் அடுத்த காட்சிக்குத் தாவிவிடுவான்.

"செரி, இந்த மூணு பேருக்கு மட்டும் ஏன் வேல இல்லன்னு போட்ட?"

"ஒருத்தி சவப்பெட்டில கெடக்கா. ஒருத்தி ஆஸ்பத்திரில மயங்கிக் கெடக்கா. மத்தவ கல்யாணப் பொண்ணு. அவளுக்கு அந்த ஒரு நாளுதான்."

அவள் சிரிக்கக்கூட இல்லை. சுஜின் குரலைத் தணித்துக்கொண்டு, வேலை என்றால் சம்பளம் வாங்குகிற வேலை, ஆபீஸ், ஆஸ்பத்திரி, கடை, அப்படி என்று விளக்கினான். இரண்டு பேர் டிக்கும் எண்பது சதவீதம் ஒத்துப்போக வேண்டும் என்பதையும் சொன்னான்.

"அத மொதல்லயே சொல்லப்பிடாதா மக்கா." கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "எத்தன மாத்தணும்?"

"இருவத்திரெண்டு."

"நீ நம்பர சொல்லு. நான் அழிக்கேன்."

அவள் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதில் சொல்ல அவனிடம் ஆறு புத்தகங்கள் இருந்தன. இரண்டாவது ஆளுக்குச் சொல்லிக்கொடுத்து மாற்ற வைப்பது பச்சைக் கள்ளத்தனம் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் வாய் நாலு என்றது, ஏழு என்றது, பதினொன்று என்றது. அவள் அழித்தாள், ஊதினாள், பக்கத்துக் கட்டத்தில் டிக் போட்டாள். அவன் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே சொன்னான்.

"பத்தொம்பது."

ரப்பர் நின்றது. "இவளயுமா?"

"ம்."

அழித்தாள்.

இருபத்திரண்டும் முடிந்தபின் கடைசித் தாளைத் திருப்பினாள். இரண்டாவது ஆளைப் பற்றிய விவரம். நேரம் மிச்சமாகட்டும் என்று சுஜினே போன வாரம் நிரப்பி வைத்தது. பெயர்: அபினா. வயது: இருபத்தேழு. படிப்பு: பிளஸ் டூ. வேலை: இல்லை. அபினா விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கடைசி வரியில் ரப்பரை வைத்து இரண்டு தடவை தேய்த்தாள். தாள் நைந்தது, மை நீலமாகப் பரவியது.

"இது பேனால்லா மக்கா. அழிய மாட்டேங்கு."

ரப்பரை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு மீன் பக்கம் திரும்பினாள். ரப்பரில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. சுஜின் அதைத் தட்டிவிடாமல் அப்படியே நின்றான்.

"எண்பது தெகஞ்சுதா மக்கா?" என்று கேட்டாள், தண்ணீரை ஊற்றிக்கொண்டே.