மூப்பு வரிசை

முழங்கால் பட்டையை இறுக்கிக்கொண்டு டெனிஸ் யேட்ஸ் நிமிர்ந்தபோது, பக்கத்து அலமாரியில் ராய் பிக்கப் சீட்டியடித்தபடி கடிதங்களைப் பொந்துகளில் செருகிக்கொண்டிருந்தான். பிப்ரவரி மாதம். தபால் நிலையத்தின் பின்கதவு வழியாக வந்த காற்று காதை அறுத்தது. ராய் அரைக்கால் சட்டையில் நின்றான். பனி விழுந்தாலும் அதுதான் அவன் உடுப்பு. ஐம்பத்தாறு வயதிலும் கெண்டைக்கால் கல்லாக இருந்தது. டெனிஸ் அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

"என்னம்மா டெனிஸ், முட்டி இன்னைக்கு என்ன சொல்லுது?"

"உன் வாயை மூடச் சொல்லுது."

ராய் சிரித்தான். சுற்றி நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அவள் சொன்னதற்கா, அவன் சிரித்ததற்கா என்று அவளுக்குத் தெரியும். இந்த ஹெட்டர்ஸ்லி நிலையத்தில் இருபத்தாறு வருஷமாக அவள்தான் குத்தலாகப் பேசுகிறாள், அவன்தான் கைதட்டல் வாங்குகிறான்.

இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே எடை மூட்டையைத் தோளில் போட்டவர்கள், ஒரே நாய் இருவரையும் கடித்திருக்கிறது. அரசாங்கம் தபால் துறையைத் தனியாருக்கு விற்றபோது ஊழியர்களுக்கு இலவசமாகக் கொடுத்த பங்குகளும் இருவருக்கும் ஒரே அளவுதான். அதற்கப்புறம்தான் வழி பிரிந்தது. டெனிஸ் தினம் பங்கு விலை பார்த்தாள். அது விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. விவாகரத்தான வருஷம் வீட்டில் வெந்நீர்க் கொதிகலன் வெடித்தது. விலை குப்புறக் கிடந்த அந்த வசந்தத்தில் மொத்தத்தையும் தள்ளிவிட்டாள். ராய் ஒன்றுமே செய்யவில்லை. வெளிநாட்டுக்காரர் ஒருவர் கம்பெனியை முழுசாக வாங்க வந்து நல்ல விலை சொன்னபோது அவன் பங்குகள் அப்படியே இருந்தன.

"எப்படிடா விக்காம வச்சிருந்தே?" என்று எல்லோரும் கேட்டார்கள்.

"பாஸ்வேர்டை மறந்துட்டேன்பா" என்றான்.

கெட்டிக்காரத்தனம் என்றிருந்தால்கூட டெனிஸ் பொறுத்துக்கொண்டிருப்பாள். மறதியால் கிடைத்த காசில் கடலோரத்தில் ஒரு கேரவன் வீடு! அதைவிடக் கொடுமை, ராயின் வீடு அவளுடைய நடையில் இருந்தது. ஒவ்வொரு தபால்காரரும் தினம் சுற்றும் தெருக்களின் தொகுப்பை அங்கே நடை என்றுதான் சொல்வார்கள். அவளுடையது பதினாலாம் நடை. ஆகவே அவனுக்கு வந்த ஈவுத்தொகைக் கவரையெல்லாம் அவன் கதவுத் துவாரத்தில் போட்டது அவள் கைதான். பங்குகளை விற்கச் சம்மதமா என்று கேட்டுப் புது முதலாளி அனுப்பிய தடித்த கவரையும் அவள்தான் போட்டாள். துவாரம் சின்னது, கவர் பெரியது. மடித்து, திணித்து, விரல் நசுங்கி உள்ளே தள்ளினாள்.

புது முதலாளி வந்த கையோடு சீர்திருத்தம் வந்தது. கடிதம் எழுத ஆளில்லை, பார்சலில்தான் பிழைப்பு என்றார்கள். மெதுவாகப் போகிற கடிதங்களை இனி ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் போதும் என்றார்கள். இருபத்தெட்டு நடை இருபத்தொன்று ஆனது. பதினாலாம் நடையை மூன்று துண்டாக வெட்டி மற்றவற்றோடு ஒட்டிவிட்டார்கள். இனி யாருக்கு எந்த நடை என்பதை அந்த வியாழக்கிழமை பத்து மணிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். மூப்பு வரிசையில் கூப்பிடுவார்கள். வந்தவர் சுவரில் மாட்டிய வரைபடத்தைப் பார்த்து, காலியாக இருக்கும் நடைக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் போட்டதுதான். கடைசியாக இப்படி எடுத்தது பதினோரு வருஷத்துக்கு முன்னால்.

டெனிஸுக்கு வேண்டியது ஆறாம் நடை, கால்வாய் நடை. முழுக்கச் சமதளம். பழைய மில்களை இடித்துக் கட்டிய அடுக்ககங்கள். ஒரே சுவரில் நாற்பது தபால்பெட்டி. முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது, படியேறாத வேலை பாருங்கள் என்று மருத்துவர் சொல்லி ஒரு வருஷமாகிறது. அதை அவள் நிலையத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உடல்தகுதிப் பரிசோதனை என்பார்கள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்த்திருக்கிறாள். கால்வாய் கிடைக்காவிட்டால் மிஞ்சும் நடையெல்லாம் பீக்கன் மேட்டில்தான். தெருவே படிக்கட்டாக ஏறும் இடம். வாசலுக்கு வாசல் எட்டுப் படி, பத்துப் படி. அதில் ஆறு மாசம் தாங்கமாட்டாள். இந்தக் காலோடு ஐம்பத்துமூன்று வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

ஆனால் அவளுக்குப் பயமில்லை. மூப்பில் அவள் பதினொன்று. தனக்கு முன்னால் இருக்கும் பத்துப் பேருக்கும் வேன் ஓட்டும் நடைகள்மேல்தான் கண் என்று விசாரித்து வைத்திருந்தாள். ராய் பன்னிரண்டு. அவனுக்கும் கால்வாய்மேல் ஆசை என்று கேள்விப்பட்டதிலிருந்து ஒரு வாரமாக அவளுக்கு நல்ல தூக்கம். முதல் தடவையாக அவன் தனக்குப் பின்னால் நிற்கப்போகிறான்.

"பேரே பிக்கப். இன்னைக்குப் பாக்கலாம் நீ எதை எடுக்கறேன்னு" என்றாள்.

"நீ வச்ச மிச்சத்தைத்தாம்மா."

பத்து மணிக்கு வேன் நிறுத்தும் கொட்டகையில் கூடினார்கள். மேலாளர் டாரென் பட்டியலோடு நின்றான். பக்கத்தில் சங்கப் பிரதிநிதி பெவர்லி, கையில் டீக்கோப்பை. ஒவ்வொருவராகப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் டெனிஸ் வரைபடத்தில் கால்வாயின் நீலக்கோட்டைப் பார்த்தாள். ஒன்பதாவது ஆள் அதன்மேல் விரலை வைத்து யோசித்தான். அவன் விரலை எடுத்துவிட்டான். பத்தாவது ஆளும் வேனுக்குப் போய்விட்டான். டெனிஸ் எழுந்து இரண்டடி வைத்துவிட்டாள்.

"ராய் பிக்கப்" என்றான் டாரென்.

அவள் நின்றாள். யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள்.

"பதினொண்ணு நான்."

"நீங்க ரெண்டு பேரும் ஒரே தேதி, டெனிஸ். ஒரே தேதின்னா குடும்பப் பேரோட எழுத்து வரிசை. எப்பவும் அப்படித்தானே? பிக்கப்புக்குப் பி. யேட்ஸுக்கு ஒய். ஒய்க்குப் பின்னால இஸட் மட்டும்தான் இருக்கு."

அவளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. போன தடவை எடுத்தபோது அவள் கணவன் பெயரோடு டெனிஸ் ஆஷ்வொர்த். முதல் எழுத்து ஏ. விவாகரத்துத் தாள் கைக்கு வந்த அன்றே, தபால் பிரிக்கும் மேஜையில் வைத்துப் பிறந்தவீட்டுப் பெயருக்கு மாறும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தாள். அவன் பெயர் ஒரு நாள்கூட என்மேல் இருக்கக் கூடாது என்று நிலையம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஏயிலிருந்து ஒய்க்குப் போகிறோம், நடுவில் ஒருவனைத் தாண்டிக் கீழே இறங்குகிறோம் என்று அன்றைக்கு யாருக்குத் தோன்றும்?

"பேர் மாத்தின அன்னிக்கு எல்லாருக்கும் கேக் வாங்கிக் குடுத்தியேம்மா" என்றாள் பெவர்லி, பாவமாக.

ராய் வரைபடத்தின் முன்னால் போய் நின்றுவிட்டான். கையில் பேனா. அவன் பார்வை நீலக்கோட்டில்தான் இருந்தது. டெனிஸ் அவன் முதுகைப் பார்த்தாள். அகலமான, எதற்கும் கவலைப்படாத முதுகு. கேரவனும் அவனுக்கு, கெண்டைக்காலும் அவனுக்கு, இப்போது கால்வாயும் அவனுக்கு. அந்தப் பேனா அவன் கையிலேயே உடைந்து மை பீறிட வேண்டும் என்று நினைத்தாள். குழந்தைத்தனமான ஆசை. ஆனால் உயிரைக் கொடுத்து நினைத்தாள்.

ராய் திரும்பினான்.

"டாரென், இவ சேந்தப்ப ஆஷ்வொர்த்துதான். எனக்கு நல்லா ஞாபகம். தொப்பி குடுத்தவன் ஏயிலேர்ந்து ஆரம்பிச்சான். நல்ல தொப்பி இவளுக்குப் போச்சு, எனக்கு ஓட்டைத் தொப்பி. சேந்த நாள் பேரை வச்சுப் பாத்தா இவதான் முன்னால."

"சட்டத்துல அப்படி இல்லையே."

"சட்டத்துல ரெண்டுமே இல்ல" என்றாள் பெவர்லி. "இது நம்ம ஆபீஸ் வழக்கம்தானே."

டாரென் கடிகாரத்தைப் பார்த்தான். "உனக்கு ஆட்சேபணை இல்லேன்னா எனக்கென்ன?"

"எனக்கென்னப்பா வந்தது? அவ மொதல்ல எடுக்கட்டும். மலை ஏறினா தொப்பையாச்சும் கரையும்" என்று ராய் வயிற்றைத் தட்டினான்.

ஒருவர் கைதட்டினார். பிறகு கொட்டகையே கைதட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்ட பெவர்லியைப் பார்த்து டெனிஸுக்குக் குமட்டியது. அவன் கொடுத்துவிட்டான். அவளுடையதை அவளுக்கே எடுத்துக் கொடுத்துவிட்டான். அவள் சண்டை போட்டு, பழைய நியமனக் கடிதத்தைத் தேடிக் கொண்டுவந்து மேஜையில் அறைந்து வாங்கியிருக்க வேண்டியதை, போகிற போக்கில் ஒரு தொப்பிக் கதை சொல்லிக் கொடுத்துவிட்டான். இனி கால்வாயில் அவள் வைக்கும் ஒவ்வொரு அடியும் ராய் விட்டுக்கொடுத்த அடி.

வேண்டாம் என்று சொல்லலாம். வாய்வரை வந்தது. முழங்கால் விண்ணென்று தெறித்தது.

"ஒண்ணு மட்டும்" என்றான் டாரென். "பட்டியல்ல ஆஷ்வொர்த்துன்னு திருத்திடறேன், அப்பதான் மேலேர்ந்து கேள்வி வராது. நீயும் அப்படியே கையெழுத்து போட்டுடு."

ராய் பேனாவை நீட்டினான். அது அவன் கைச்சூட்டில் இருந்தது. ஆறு வருஷமாக எழுதாத பெயரை எழுதினாள். ஒரு எழுத்தில்கூடத் தடுமாறவில்லை, கைக்கு மறக்கவேயில்லை.

"தேங்க்ஸெல்லாம் வேண்டாம்மா. ஒரு டீ போதும்" என்றான் ராய்.

"உனக்கு யாரு தேங்க்ஸ் சொன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

மார்ச் முதல் வாரம் புது நடைகள் தொடங்கின. கால்வாய் சொன்னபடிதான் இருந்தது. தள்ளுவண்டி தானாக உருண்டது. முழங்கால் வாயை மூடிக்கொண்டது. ஆனால் அங்கே ஆளில்லை. சுவர்ப் பெட்டிகளுக்கு முகம் கிடையாது. நாற்பது துவாரத்தில் நாற்பது விளம்பரத் தாளைப் போட்டுவிட்டு வந்தால், பகல் முழுக்கக் கேட்ட ஒரே குரல் வாசல் கதவோரப் பேச்சுக் கருவியில் இரைச்சலோடு வந்தது: "கீழேயே வச்சிட்டுப் போங்க." பதினாலாம் நடையில் அவளுக்கு எந்த வீட்டில் யாருக்கு அறுவைசிகிச்சை, எந்த வீட்டு மகள் திரும்பி வந்துவிட்டாள் என்பதெல்லாம் தெரியும். இங்கே வாத்துகள்தான் அவளைப் பார்த்துத் தலையைத் திருப்பின.

ராயோ தினமும் மேட்டிலிருந்து ஏதாவது கொண்டுவந்தான். ஒருநாள் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு வைத்த பலகாரம், யாரோ சுட்டுக் கொடுத்தது. ஒருநாள் மேட்டு வீட்டில் ஆடு தபாலைத் தின்ற கதை. நிலையமே அவனைச் சுற்றி நின்று கேட்டது. டெனிஸ் தன் அலமாரிக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு, பொந்துகளைத் துடைப்பதுபோல நின்று அவளும் கேட்டாள். பலகாரத்தில் ஒரு துண்டு அவள் மேஜைக்கும் வந்தது. தொடவில்லை. எல்லோரும் போனபிறகு தின்றாள். நன்றாக இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மேட்டை அவள் எடுத்திருந்தால் அந்தப் பலகாரம் அவளுக்கு வந்திருக்கும். ஆறு மாசம்தான் என்றாலும் வந்திருக்கும்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை, மதியம் வெயில் அடித்தது. கால்வாய்க்கரையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவள் வழக்கம்போல மேலே பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று தினமும் நினைப்பாள். கறுத்த கல் வீடுகளுக்கு நடுவே மேட்டின் படிக்கட்டு நேர்க்கோடாக ஏறியது. பாதி உயரத்தில் தபால்காரரின் சிவப்புச் சட்டை. இங்கிருந்து பார்த்தாலும் வெள்ளைக் கால்கள் தெரிந்தன. நின்றுகொண்டிருந்தான்.

இன்றைக்கு யாரோடு அரட்டை என்று பார்த்தாள். எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை. ராயின் ஒரு கை இரும்புக் கம்பியைப் பிடித்திருந்தது. தபால் பை தோளிலிருந்து இறங்கிப் படியில் கிடந்தது. பிறகு அவன் உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை, இருபத்தாறு வருஷத்தில் டீ குடிக்கும்போதுகூட.

மூச்சு வாங்குகிறது என்று தோன்றியதும் அவளுக்குள் ஏதோ துள்ளியது. சந்தோஷம்தான். அதற்கு வேறு பெயர் வைக்க முடியாது. வாங்கட்டும். அவன் உடம்பும் உடம்புதான் என்று ஊர் பார்க்கட்டும். அந்தத் துள்ளல் அடங்கும்வரை காத்திருந்தாள். அடங்கிய பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. நீலக்கோட்டின்மேல் கண்ணை வைத்துக்கொண்டு அவன் அன்றைக்கு எவ்வளவு நேரம் நின்றான்? ஒரு நிமிஷம் இருக்குமா? வேண்டாதவன் அவ்வளவு நேரம் நிற்பானா?

இடுப்பிலிருந்த கண்காணிப்புக் கருவி பீப் என்றது. ஒரே இடத்தில் அதிக நேரம் நின்றால் அப்படித்தான் கத்தும். மேலேயும் அவன் இடுப்பில் ஒன்று கத்திக்கொண்டிருக்கும். அதை நிறுத்தக்கூட அவன் கை போகவில்லை.

கை உயர்ந்தது. கீழே அவளுடைய சிவப்புச் சட்டையைக் கண்டுவிட்டான். அது அவன் தெருவில் போகிறவருக்கெல்லாம் ஆட்டும் கையா, வா என்கிற கையா? இவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. ஆடவில்லை, சும்மா உயர்ந்தே இருந்தது.

டெனிஸ் காலால் வண்டியின் பிரேக்கை அழுத்தினாள். பாலத்தைத் தாண்டி முதல் படி வரை நடந்துபோய், கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். வெயில் கண்ணில் அடித்தது. மேலே, இரண்டு வீடுகளுக்கு நடுவில், அந்தக் கை இன்னும் இறங்கவில்லை.