முன் தண்டு

வளர்ந்த மனிதர்கள் சனிக்கிழமை விடிய எழும்பி ஈரப் புல்லில் நாலு காலில் தவழ்வதை, ஜேர்மனிக்கு, இந்த எசன் நகருக்கு வந்து இவ்வளவு காலமாகியும் நான் கண்டதில்லை. அன்று கண்டேன். கண்டதோடு விட்டார்களா, என்னையும் தவழச் சொன்னார்கள்.

எல்லாம் பிரவீணனால் வந்த வினை. எங்கள் கோயில் திருவிழாவில் சுவாமியைத் தோளில் காவுகிற ஆட்களை அவரவர் இடத்தில் நிறுத்துவது அவன் பொறுப்பு. சுவாமியின் வாகனத்தை இரண்டு நீளத் தண்டுகளில் ஏற்றித் தோளில் வைத்து வீதி சுற்றுவோம். வலது பக்கத் தண்டின் முன்முனை என்னுடைய இடம். கோயில் ஒரு பழைய களஞ்சியத்துக்குள் தொடங்கிய காலத்திலிருந்தே அது என்னுடையதுதான். மூத்தவர்கள் முன்னுக்கு, பெடியள் பின்னுக்கு என்பது எங்கள் வழக்கம். போன வருடம் தெரு திரும்பும் இடத்தில் என் கால் கொஞ்சம் இடறியது. அதைப் பிடித்துக்கொண்டு பிரவீணன் வீடு தேடி வந்துவிட்டான்.

“அண்ணை, இந்தமுறை நீங்கள் ஆறுதலா நில்லுங்கோ. பெடியள் காவுவாங்கள்.”

“எனக்கு ஏலாதெண்டு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணை. உங்கடை முழங்கால்...”

என் மனைவி புஸ்பவதி தேத்தண்ணி போட எழும்பினாள். போடத் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன்.

திருவிழாவுக்கு இன்னும் கொஞ்சக் காலம் இருந்தது. அதற்குள் முழங்காலைச் சரிக்கட்டி அந்தத் தண்டில் நின்று காட்ட வேண்டும். அந்த இடம் போனால் நான் கோயிலில் யார்? அன்னதான வரிசையில் தட்டோடு நிற்கிற எத்தனையோ பேரில் ஒருவன். மகள் கம்சனா கைபேசியில் எதையோ தட்டி, பூங்காவில் நடக்கும் உடற்பயிற்சி வகுப்பில் என் பெயரைப் பதிந்துவிட்டாள்.

பயிற்சி கொடுப்பவன் பெயர் தீமோ. கையெல்லாம் பச்சை குத்தியிருந்தான். என் மகளைவிட இளையவன், முதல் வார்த்தையிலேயே என்னை நீ என்றான். முருகேசன் என்ற பெயரைச் சொல்லிப் பார்த்து, நாக்குப் புரளாமல் முரு ஆக்கிவிட்டான். நான் நெற்றியில் திருநீறு பூசி, மடிப்புக் குலையாத சேர்ட்டோடு போயிருந்தேன். மற்றவர்கள் தோலோடு ஒட்டின உடுப்புகளில் நின்றார்கள். அதில் ஒரு மனிசன் காற்சட்டையைப் போட்டிருந்தாரா, பூசியிருந்தாரா என்றே தெரியவில்லை.

தவழ்ந்து முடிய, மரத்துக்கு முதுகைக் கொடுத்து, கதிரை இல்லாமல் கதிரையில் இருப்பதுபோல் இருக்கச் சொன்னான். அருகில் உட்கார நல்ல மரவாங்கு ஒன்று சும்மா கிடந்தது. பிறகு தடித்த கயிற்றைத் தூக்கி நிலத்தில் அடிக்கச் சொன்னான். கயிறு என்ன பிழை செய்தது என்று சொல்லவில்லை. ஒவ்வொன்று முடியவும் தங்களுக்குத் தாங்களே கைதட்டி, ஏதோ நாட்டைப் பிடித்துவிட்டு வந்தவர்கள்போல் சிரித்தார்கள். இந்தச் சனத்தை எனக்குத் தெரியாதா? எங்கள் கட்டடத்தில் முதலாம் மாடிக்கு லிப்டில் போகிற சனம்.

என் பக்கத்தில் ஊட்டே என்றொரு மனிசி. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவளாம். என்னைவிட வயது கூட, உயரம் என்னளவுதான். நான் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, “மெதுவாகச் செய் முரு, அவசரமில்லை” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவாமி காவுகிற மனிசனுக்கு முத்திரை விற்றவள் தைரியம் சொல்கிறாள்!

கடைசியில் தீமோ பாதையோரம் கிடந்த நீளமான மரத்தைக் காட்டினான். எல்லோருமாகத் தோளில் தூக்கிக் குளத்தைச் சுற்றி வரவேண்டுமாம். ஒருவழியாக எனக்குத் தெரிந்த வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். யாரும் சொல்லுமுன் நான் போய் முன்முனையில் நின்றுகொண்டேன். எனக்குப் பின்னால் பனைமாதிரி இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் மற்றவர்கள். தூக்கினோம். பாரமே தெரியவில்லை.

பின்னால் முக்கலும் முனகலும் கேட்டன. முக்கி முனகி இவர்கள் பிடிக்கிற பாரம் இவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. முழங்கால் நோகவில்லை. பிரவீணனின் முகம் கண்ணுக்குள் வந்தது. வா ராசா, வந்து பார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். உற்சாகத்தில் “அரோகரா!” என்றுகூடக் கத்திவிட்டேன். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நான் திரும்பி, “எங்கள் கோயிலில் நான்தான் முன்னுக்கு. இதெல்லாம் எனக்குத் தூசு” என்று டொச்சு மொழியில் சொன்னேன்.

கூடவே நடந்து வந்த தீமோ என் பக்கம் வந்தான். என் தோளுக்கும் மரத்துக்கும் நடுவில் தன் கையை விட்டான். கை தாராளமாகப் போய் வந்தது.

“முரு, நீ இதைக் காவவில்லை” என்றான். “கூட நடந்து வருகிறாய், அவ்வளவுதான்.”

“என்ன கதை இது? நான் முன்னுக்கு நிற்கிறேன்!”

“முன்னுக்கு நிற்கிறாய். ஆனால் நீ கட்டை, பின்னால் நிற்பவர்கள் நெட்டை. மரம் உன் தோளில் படவே இல்லை. உன் பங்கையும் அவர்கள்தான் காவுகிறார்கள்.”

“எங்களிடம் வயதுக்கு மூத்தவர்தான் முன்னுக்கு நிற்பது.”

“வயதை ஏன் பார்க்கிறீர்கள்? உயரத்தையல்லவா பார்க்க வேண்டும்” என்றான். பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டான்.

மரத்தை இறக்கி, எங்களை உயரப்படி பிரித்தான். கட்டையானவர்களுக்குச் சின்ன மரம். முன்னுக்கு நான், பின்னுக்கு ஊட்டே, அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். தூக்கினோம். அப்போதுதான் பாரம் என் தோளில் இறங்கியது. எலும்பில் போய் இருந்தது. இப்படி ஒன்றை என் தோள் எத்தனையோ வருடமாக அறிந்ததில்லை என்பது எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. சில அடிதான் வைத்திருப்பேன், முழங்கால் மடிந்தது. ஊட்டே ஒரு கையால் மரத்தையும் மற்றக் கையால் என் சேர்ட்டையும் பிடித்துக்கொண்டாள்.

வாங்கில் போய் இருந்தேன். சுவாமி வீதி சுற்றி வந்ததும் பெடியள் மூலையில் நின்று ஒருவர் தோளுக்கு ஒருவர் நல்லெண்ணெய் தேய்த்துவிடுவார்கள். பழக்கமில்லாத தோள் என்று நான் அவர்களைப் பகிடி பண்ணுவேன். என் தோள் ஒருநாளாவது சிவந்ததா? அந்தத் தண்டில் எனக்குப் பின்னால் நிற்பவன் பிரவீணன். அவனுக்குப் பின்னால் நிசாந். இரண்டு பேரும் என்னைவிட ஒரு தலை உயரம்.

பிரவீணனுக்கு அழைப்பு எடுத்தேன்.

“தம்பி, உள்ளதைச் சொல்லும். அந்தத் தண்டு என்ரை தோளிலை முட்டுறதோ?”

“ஏன் அண்ணை, விடியக் காலமை...”

“முட்டுறதோ, இல்லையோ?”

“இல்லை அண்ணை.”

“எப்ப துவக்கம்?”

“நாங்கள் வளந்தாப் பிறகு” என்றான்.

அந்தப் புல்லில் தவழ்ந்தவர்களை நான் அவ்வளவு கேவலமாக நினைத்தேன். அவர்கள் தங்கள் உடம்பையாவது தாங்களே தூக்கினார்கள். எனக்கு அழுகை வந்தது. சேர்ட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“மற்றவைக்கும் தெரியுமோ?”

“காவுற எல்லாருக்கும் தெரியும் அண்ணை. உங்களுக்குச் சொல்ல ஒருத்தருக்கும் மனம் வரேல்லை. போன வருசம் நீங்கள் இடறேக்கை தண்டைப் பிடிச்சுத் தொங்கிப்போட்டியள். நிசாந்துக்குத் தோள் விலகிப்போச்சு. அதாலைதான் வந்து கேட்டனான்.”

நிசாந் இதுவரை என்னிடம் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. காணும்போதெல்லாம் அண்ணை என்றுதான் கூப்பிடுகிறான்.

“சரி தம்பி, நான் விலகிறன். என்ரை இடத்திலை உயரமான ஒரு பெடியனை நிப்பாட்டுங்கோ.”

பிரவீணன் பதறிப்போனான். என் மனம் நோகக்கூடாது என்று அவசர அவசரமாகச் சொன்னான்.

“ஐயோ, அதுக்கு ஒருத்தரும் தேவையில்லை அண்ணை. அந்த இடம் அப்பிடியே வெறுமையா இருக்கட்டும். இவ்வளவு காலமும் காவின மாதிரி நாங்கள் சமாளிப்பம்.”