பொன்னுருக்குக்கு முதல் நாள்

நாளைக்கு அளவெட்டியில், மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு. தாலிக்குப் பொன் உருகிவிட்டால் பிறகு பேச்சு மாறக்கூடாது. அதன்பின் கலியாணம்வரை நானும் மாப்பிள்ளையும் முகம் பார்க்கவும் கூடாது. அம்மா பொன் உருகுவதற்காகத்தான் காத்திருந்தாள். நானோ காலையிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியாமல் அறைக்கும் குசினிக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

எனக்குச் சின்ன வயதிலேயே நீரிழிவு. உடம்பில் இன்சுலின் சுரக்காது. ஊசி இல்லாமல் உயிர் இல்லை. அந்த ஊசி எங்கள் பிரிட்ஜில் ஒரு பழைய மாஜரின் டப்பாவுக்குள் ஒளிந்திருக்கிறது. கனடாவிலிருந்து வந்திருக்கும் மாப்பிள்ளை வாகீசனுக்கு இது தெரியாது. பொருத்தம் பார்த்த சாத்திரியார் சாதகத்தைத்தான் பார்த்தார், இரத்தத்தை அல்ல.

அம்மாவுக்குத் துணிவு தந்தது ஒரு வாட்ஸ்அப் வீடியோ. ஸ்டெம் செல்லிலிருந்து இன்சுலின் சுரக்கும் உயிர்க்கலங்களை வளர்த்து உடம்புக்குள் வைக்கிறார்களாம். சிலருக்கு ஊசியே நின்றுவிட்டதாம்.

“கனடாவிலை போய் உந்த வைத்தியத்தைச் செய்தால் மாறிடும். மாறப்போற வருத்தத்தை இப்ப ஏன் சொல்லுவான்?” என்றாள்.

அது இன்னும் ஆராய்ச்சிதான், வைத்த கலங்களை உடம்பு தள்ளாமலிருக்க வேறு மருந்துகள் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று கிளினிக் டொக்டர் சொன்னதை எத்தனை தரம் சொல்லியும் அம்மாவின் காதில் ஏறவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வாகீசன் வீடியோவில் அழைத்து, சேலை நிறம் பற்றி ஏதோ கேட்டார்.  போனோடு குசினிக்குப் போய் பிரிட்ஜிலிருந்த டப்பாவைத் திறந்து, அவர் பார்த்திருக்கவே கையில் ஊசியைப் போட்டேன்.

“எனக்குச் சின்னனிலையிருந்து நீரிழிவு. நாளைக்குப் பிறகு சொன்னால் அது ஏமாத்து.”

அவர், ஸ்டெம் செல் வைத்தியத்தில் இது மாறாதா என்று கேட்டார். ‘ஓம்’ என்று ஒரு சொல் போதும். கதவடியில் நின்ற அம்மா, சொல்லு சொல்லு என்று தலையை ஆட்டினாள்.

“எனக்குக் கிடைக்குமோ தெரியாது. ஊசியோடை வாறவளைத்தான் நீங்கள் கட்டவேணும்.”

வீட்டில் கதைத்துவிட்டு திரும்ப எடுப்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். அம்மா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது. மறுபடி நடக்கத் தொடங்கினேன்.

விளக்கு வைக்கும் நேரம் அம்மாவின் போன் அடித்தது. ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டே இருந்தவள், போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“தாலி கட்டுமட்டும் பொம்பிளை விரதமெல்லே. ஊசி போடுறவ சாப்பிடாமல் இருக்கலாமோ, இப்பவே ஐயரோடை கதைக்கட்டோ எண்டு வாகீசன் கேக்கிறார்.”

கனடாவரை யோசித்த அம்மா மணவறை விரதத்தை யோசிக்கவில்லை. நானும்தான். அடக்க முடியாமல் அழுதேன்.