ஒரு கேன் டீசல்

புயல் கரையைக் கடந்த பிறகும் கரண்ட் வரவில்லை. ஜெனரேட்டரில் இருந்த டீசல் முதல் நாளோடு தீர்ந்துபோனது. பரவாயில்லை, கைவசம் ஒரு கேன் இருக்கிறதே என்று தைரியமாக மூலையில் போய்த் தூக்கினாள் பால்பண்ணைக்காரி. கேன் பஞ்சுபோல் மேலே வந்தது. போன வாரம் மழை பிடித்தபோது அவசரத்துக்கு வாங்கிப்போன அண்ணன், காலிக் கேனைத் திருப்பிக் கொண்டுவந்து, மூடியை இறுக்கி, பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதுவும் பளிச்சென்று கழுவி! கழுவியதைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முப்பது மாடுகள் மடி கனத்துக் கால்களை அகட்டிக் கத்திக்கொண்டிருந்தன. ஆற்றுப் பாலம் முழுகிக் கிடந்ததால் வேலையாட்கள் வரவில்லை. புருஷனும் அக்கரையில் மாட்டிக்கொண்டான். கையால் கறந்துவிடலாம் என்று உட்கார்ந்தால், அந்த மகாராணிகள் மெஷின் இரைச்சலைக் கேட்டால்தான் பாலை இறக்குவோம் என்று அடம்பிடித்தன. அப்படிப் பழக்கியதும் அவள்தான். யாரைத் திட்டுவது?

இந்த லட்சணத்தில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதவிக்கு வந்தார். உதவியோடு உபதேசமும் வந்தது.

"ஒரே தொழில்ல எல்லாத்தையும் கொட்டாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? என்னைப் பாரு. நாலு மாடு, கொஞ்சம் கோழி, கத்திரி, வாழை. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு நிக்கும். கரண்டை நம்பி நான் பொழைக்கல."

"சரிண்ணே, முதல்ல இதைக் கற."

அவர் வாளியை வைத்து உட்கார்ந்தார். மாடு விட்ட உதையில் வாளி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். இரண்டாவது மாடு அவ்வளவு மரியாதையும் தரவில்லை. மூன்றாவதிடம் போராடி அரை வாளி தேற்றுவதற்குள் விரல்கள் மடங்க மறுத்தன.

மாடுகளின் கத்தல் கொஞ்சம் ஓய்ந்த ஒரு நொடியில்தான் வாய்க்காலுக்கு அப்பாலிருந்து 'டக் டக்'கென்ற சத்தம் அவள் காதில் விழுந்தது.

"அங்க என்ன ஓடுது?"

"தோட்டத்துல தண்ணி நிக்குதும்மா. இன்ஜின் வச்சு இறைச்சுட்டு இருக்கேன்."

"எதுல ஓடுது அது?"

அண்ணன் மாட்டு வாலை வெகு அக்கறையாகப் பார்த்தார்.

"தலைமேல ஏறி நின்னு புத்தி சொல்றியே, உன் தோட்டம் தாங்குறதே என் டீசல்லதானே! மிச்சம் எவ்வளவு இருக்கு?"

"அரைக் கேன் தேறும். ஆனா இப்ப நிறுத்தினா சாயங்காலத்துக்குள்ள அத்தனை செடியும் அழுகிடும்."

"நிறுத்தலைன்னா இதுங்களுக்கு மடி வீங்கிக்கும். அப்புறம் கறவை ஏது? கசாப்புக்காரன்தான்."

அவர் விருட்டென்று எழுந்து போனார். கோபித்துக்கொண்டு போகிறார், போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். சற்று நேரத்தில் 'டக் டக்' நின்றது. தொடைவரை சேறோடு, தோளில் டீசலோடு அண்ணன் வந்து சேர்ந்தார். அவள் ஓடிப்போய்க் கேனின் அடியைத் தாங்கிப் பிடித்து, "மெதுவா ஊத்து, சிந்தாதே" என்று அதட்டினாள்.

ஜெனரேட்டர் உறுமியது. மெஷின் இரைந்ததும் மாடுகள் கத்தலை நிறுத்திவிட்டு அசைபோட ஆரம்பித்தன. பால் கேன்கள் ஒவ்வொன்றாக நிரம்பி வரிசையில் நின்றன. தோட்டத்தையே மறந்து அண்ணன் அதைப் பெருமையாகப் பார்த்தார்.

"இவ்வளவு பாலா! வேன் எப்ப வரும்?"

"பாலம் முழுகிக் கிடக்கு, எந்த வேன் வரும்?"

"அப்ப இந்தப் பால்?"

அவள் ஒரு கேனை வாய்க்கால் ஓரத்துக்கு இழுத்துப்போய்க் கவிழ்த்தாள்.

"அடிப்பாவி! கீழ கொட்டவா என் தோட்டத்தை முழுக விட்டேன்?"

"மாடு பொழைக்கத்தாண்ணே கறந்தோம். இன்னைக்கு இந்தப் பாலைக் குடிக்க யாரு இருக்கா?"

அண்ணன் வரிசையை ஒரு முறை பார்த்தார். பிறகு அடுத்த கேனை அவரே தூக்கிவந்து சாய்த்தார். வாய்க்கால் தளும்பிக்கொண்டிருந்ததால் வெள்ளைத் தண்ணீர் கரையைத் தாண்டி, பள்ளமாக இருந்த அவர் தோட்டத்துக்குள்ளேயே போனது.